மூடுபாலத்தில் (கூரை போட்ட மரப்பாலம்) ஜியோகேஷ் (யாரோ ஒளித்துவைத்து, மற்றவர்கள் ஜிபிஎஸ் வைத்துத் தேடும் டப்பா) தேடியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஊர்சுற்றி:
அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரையும் வெர்மாண்டையும் இணைக்கும் கார்னிஷ்-விண்ட்சர் பாலம், அக்டோபர் கடைசி. வெர்மாண்ட் பக்கத்து வாசலில் ஒரு நானோ, அதாவது விரல் நுனி அளவு கேஷ். ஹின்ட் வழக்கம்போல உதவவில்லை. கூரைக்குள் போனதும் ஜிபிஎஸ் அம்பு இஷ்டத்துக்குச் சுற்றியது. சாய்த்துச் சாய்த்து அடித்திருக்கும் கட்டைகளின் சந்துகளில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேட்டை சீசன் என்பதால் ஆரஞ்சு வெஸ்ட் போட்டிருந்தேன். வினையே அதுதான்.

ஒரு பிக்கப் வந்து பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்தவர் ஒரு பாட்டி. கண்ணாடியை இறக்கி, "அப்பாடா, இப்பவாவது வந்தீங்களே" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "வண்டி போனா அந்த மூலையில ஒரு சத்தம் வருது, எழுதிக்கோங்க" என்று கையை நீட்டிக் காட்டினார். பின்னால் வேறு கார் வந்துவிட்டது. ஒரு காகிதப் பை நிறைய ஆப்பிளை ஜன்னல் வழியாக என் கையில் திணித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். யாரோ வந்து பாலத்தைச் சோதித்துவிட்டுப் போனதாக அவர் இன்னும் நம்பிக்கொண்டிருப்பார். அதுதான் உறுத்துகிறது.

கணக்குப்பிள்ளை:
முதலில் ஒரு திருத்தம். கனெக்டிகட் ஆறு, வெர்மாண்ட் கரையின் தாழ்நீர் மட்டம் வரை நியூ ஹாம்ப்ஷயருக்குத்தான் சொந்தம். 1933லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த வழக்கு. அந்தப் பாலத்தில் வெர்மாண்டுக்கு உள்ளது ஓரத்தில் ஒரு துண்டுதான்.

என்னுடைய கதை பென்சில்வேனியா லான்காஸ்டர் கவுண்டியில். பாலத்து மூலையில் குனிந்து தேடிவிட்டு நிமிர்ந்தால், எதிரே ஆமிஷ் (கார் வைத்துக்கொள்ளாத கிறிஸ்தவப் பிரிவினர்) குதிரைவண்டி. குதிரை மிரண்டு பின்வாங்கியது. ஓட்டி வந்த பையன் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

மரமண்டை:
அயோவா மேடிசன் கவுண்டியில் பொழுது சாயும் நேரம் டார்ச்சோடு நின்றேன். ஒரே கார் திரும்பத் திரும்ப என்னைக் கடந்து போனது. அவ்வளவுதான் கதை.

ஆனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அங்கே சீடர் என்ற மூடுபாலத்தை 2002ல் யாரோ தீ வைத்து எரித்தார்கள். திரும்பக் கட்டினார்கள், 2017ல் மறுபடியும் தீ வைத்தார்கள். அதனால் இருட்டியபின் போகாதீர்கள். லைட்டரைக் காரிலேயே விட்டுவிடுங்கள். பலகையை நெம்பாதீர்கள், உண்மையில் கேஷ் பெரும்பாலும் பாலத்தில் இருக்காது, பக்கத்துத் தடுப்புக்கம்பியிலோ வழிகாட்டிப் பலகைக்குப் பின்னாலோ காந்தத்தில் ஒட்டியிருக்கும். நானோவுக்குள் இருக்கும் லாக் சுருளை (கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதும் காகிதம்) எடுக்க ட்வீசர் வேண்டும், சொந்தப் பேனாவும் வேண்டும். மகிள் (இந்த விளையாட்டு தெரியாதவர்) யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள், பாதிப் பேர் கூடவே தேட வந்துவிடுவார்கள். அப்புறம், கூரை போட்டது குதிரை மிரளாமல் இருக்க என்று யாராவது கதை விட்டால் நம்பாதீர்கள். தாங்கும் கட்டைகள் நனைந்து உளுத்துப்போகாமல் இருக்கத்தான் கூரை. 1866ல் கட்டிய கார்னிஷ் பாலம் இன்னும் கார்களைச் சுமப்பது வேறு எப்படி?

ஊர்சுற்றி:
@மரமண்டை, உள்ளதைச் சொல்ல அவர் இடமே கொடுக்கவில்லை என்கிறேன்! கேஷும் கிடைக்கவில்லை, டிஎன்எஃப் (கிடைக்கவில்லை என்ற பதிவு) போட்டுவிட்டேன். அந்த மூலையைப் பற்றி விண்ட்சர் ஊர் அலுவலகத்துக்கு ஒரு மெயில் தட்டலாமா என்று யோசிக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
விண்ட்சருக்கு எதற்கு? இதற்குத்தானே மேலே அவ்வளவு சொன்னேன். பாலம் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துடையது, அவர்கள் போக்குவரத்துத் துறைக்கு எழுதுங்கள். எந்த மூலை என்று சரியாகச் சொல்லுங்கள்.