புத்தகத்துக்கே வராததை ஆடிட்டில் எப்படிப் பிடிப்பது?

தணிக்கை கற்க வருகிறவர் கையில் முதலில் கிடைப்பது வவுச்சர் கட்டுதான், அதாவது வரவு செலவுக்கான ஆதாரச் சீட்டுகள். தேதி, தொகை, கையெழுத்து பார்த்து டிக் போட வேண்டியது. எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. ஒருநாள் சீனியர் கேட்டார்: "புத்தகத்துல இருக்கறதைத்தானே பாக்கறே? புத்தகத்துக்கே வராதது எப்படித் தெரியும்?"

அப்புறம் கிடங்கின் சரக்கு வரவுப் பதிவேட்டை எடுக்கச் சொன்னார். ஆண்டின் கடைசி வாரத்தில் வந்த ஒவ்வொரு சரக்குக்கும் சப்ளையர் பில்லைத் தேடி, அது எந்தத் தேதியில் கொள்முதலில் ஏறியிருக்கிறது என்று பார்த்தோம். சில பில்கள் அடுத்த ஆண்டில் ஏறியிருந்தன. சரக்கோ ஸ்டாக்கில் எண்ணியாகிவிட்டது. சரக்கு உண்டு, அதற்கான கடன் இல்லை. அந்த அளவுக்கு லாபம் கூடித் தெரிந்தது. வவுச்சர் கட்டை எத்தனை தடவை புரட்டினாலும் இது அகப்பட்டிருக்காது.

லெட்ஜரிலிருந்து, அதாவது கணக்குப் புத்தகத்திலிருந்து, ஆவணத்துக்குப் போனால், பதிவு நிஜமா என்று தெரியும். ஆவணத்திலிருந்து லெட்ஜருக்கு வந்தால், எது விடுபட்டது என்று தெரியும். தணிக்கையில் நான் கற்றதிலேயே பெரிய பாடம் இதுதான். லாபத்தைக் கூட்டிக் காட்ட நினைக்கும் இடத்தில் விற்பனைக்கு முதல் வழி, கடனுக்கும் செலவுக்கும் இரண்டாவது. வரியைக் குறைக்க நினைக்கும் நிறுவனத்தில் இதுவே தலைகீழாகும். ஆகவே, யாருக்கு எந்தப் பக்கம் ஆசை என்று யோசித்த பிறகு டிக் போடத் தொடங்குங்கள்.

ஆனால் ஆவணமே பொய்யாக இருந்தால்? 1938-ல் அமெரிக்காவில் மெக்கெஸன் அண்ட் ராபின்ஸ் என்ற மருந்து நிறுவனத்தின் மோசடி வெளிவந்தபோது, 8.7 கோடி டாலர் சொத்தில் சுமார் 1.9 கோடி வெறும் காகிதம் என்று தெரிந்தது. காகிதங்கள் ஒன்றோடொன்று பொருந்தின. தணிக்கையாளர்கள் ஸ்டாக்கை நேரில் பார்க்கவில்லை, பாக்கிதாரர்களிடம் கேட்கவுமில்லை. அதன் பிறகுதான், 1939-ல், இரண்டும் அங்கே வழக்கமான நடைமுறையாயின.

பேலன்ஸ் கன்ஃபர்மேஷன், அதாவது பாக்கித் தொகை சரிதானா என்று பாக்கிதாரரையே கேட்கும் கடிதம், அனுப்பும்போது இதை நினைவில் வையுங்கள். முகவரியை நீங்களே சரிபாருங்கள். கடிதத்தை நிறுவன ஊழியரிடம் கொடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். பதில் நேராக உங்களுக்கே வரட்டும். பதில் வராத பாக்கிக்கு, ஆண்டு முடிந்த பிறகு பணம் வந்ததா என்று பேங்க் ஸ்டேட்மென்ட்டில் தேடுங்கள்.