நாஸ் பெட்டியில் காப்பி ரொம்ப மெதுவு, அவசரம்

கடலூர்_அலை: கல்யாண வீடியோவை வீட்டு நாஸ் பெட்டியில் (நெட்வொர்க் வழியாக ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க் பெட்டி) ஏற்றுகிறேன், நொடிக்கு 11 எம்பியை (மெகாபைட்) தாண்ட மாட்டேன் என்கிறது. டிஸ்க் இரண்டும் புதுசு, பின்னால் லேன் கேபிள் சொருகியிருக்கிறது, லைட்டும் எரிகிறது. நாளை காலை பார்ட்டிக்குக் கொடுத்தாக வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம்வாசி: எந்த மாடல்? கம்ப்யூட்டர் வயரிலா, வைஃபையிலா? ரவுட்டர் என்ன?

செம்மண்டலம்_07: டிஸ்க்தான் கோளாறு. எனக்கும் இப்படித்தான் இருந்தது, மாற்றியதும் சரியாகிவிட்டது.

லேன்_வாத்தியார்: அடிப்படை தெரியாமல் டிஸ்க்கை மாற்றச் சொல்லாதீர்கள். 8 பிட் ஒரு பைட், லேன் 100 மெகாபிட்டில் ஓடினால் 8-ஆல் வகுத்து 12.5 எம்பி, கழிவு போக 11 சொச்சம். அந்த எண்ணைப் பார்த்ததுமே தெரிய வேண்டாமா? கிகாபிட்டுக்கு, அதாவது 1000 மெகாபிட்டுக்கு, கேபிளின் 8 கம்பியும் வேண்டும், 100-க்கு 1, 2, 3, 6 என நான்கே போதும். மற்றதில் ஒன்று விட்டுப்போனாலும் லைட் எரியும், வேகம்தான் இறங்கும். இதைக்கூடப் பார்க்காமல் இங்கே வந்து கேட்கிறார்கள்.

மஞ்சக்குப்பம்வாசி: சார், அவசரத்தில் கேட்கிறார், கொஞ்சம் பொறுமையாகச் சொல்லலாமே. ரவுட்டர் போர்ட்டே 100 ஆக இருந்தாலும் இதே வேகம்தான் வரும், அதனால்தான் கேட்டேன்.

புதுவைக்காரன்: வீடு தேவனாம்பட்டினம் பக்கமா? உப்புக் காற்றில் போர்ட் கெட்டுப்போகும். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், மெல்லிசாக வரிசையாய் நிற்கும் முனைகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். பெட்டியைத் துணி போட்டு மூடி வைப்பது நல்லது.

செம்மண்டலம்_07: துணியா? பின்பக்கம் பாதி ஃபேன்தான், அதை மூடினால் டிஸ்க் சூடாகிச் சாகும்.

புதுவைக்காரன்: ஓடும்போது மூடச் சொல்லவில்லையே. தகர உடம்பு உள்ள பெட்டி எங்கள் வீட்டில் ஓரமெல்லாம் துரு பிடித்துவிட்டது, பிளாஸ்டிக் பெட்டி அப்படியே இருக்கிறது.

செம்மண்டலம்_07: நாஸ் ராத்திரி பகலாக ஓடுவதற்குத்தானே வாங்குகிறோம், எப்போது மூடுவது? தகரமாவது சூட்டை வெளியே விடும்.

மஞ்சக்குப்பம்வாசி: இதை அப்புறம் பேசலாம். தம்பி, வேறு கேபிள் இருந்தால் போட்டுப் பாருங்கள். நாஸ் செட்டிங்கில் நெட்வொர்க் பக்கம் போனால் 100-ஆ 1000-ஆ என்று காட்டும். அவசரம் என்றால் வீடியோவை வெளி டிஸ்க்கில் போட்டு, பெட்டியின் நீல யூஎஸ்பி போர்ட்டில் சொருகி உள்ளே இழுத்துவிடலாம், அது லேனை நம்பி இல்லை.

கடலூர்_அலை: ரவுட்டர் பக்கம் கேபிள் முனையில் கொக்கி உடைந்து ஆடிக்கொண்டிருந்தது. வேறு கேபிள் போட்டேன், நொடிக்கு 108 எம்பி வருகிறது. நன்றி அண்ணா.

மஞ்சக்குப்பம்வாசி: சரி தம்பி. பார்ட்டி வாங்கிக்கொண்டு போகும்வரை கேமரா கார்டை அழிக்காதீர்கள்.