ஜெர்ரி கோல்: மூன்று ரெக்கார்டு, மூன்று பெயர், ஒரே கை?

கோவளம்_அலை எழுதியது:

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவளத்தில் அலைச்சறுக்கு பழகப் போகிறேன். விடியற்காலை நாலரைக்குத் திருவான்மியூரில் வண்டியை எடுத்தால் ஐந்தேகாலுக்குள் குப்பம் வந்துவிடும். கூடப் பழகும் நண்பன் ஒருவன்தான் சர்ஃப் மியூசிக் என்று ஒன்று இருப்பதையே எனக்குச் சொன்னான். பெரும்பாலும் பாட்டு கிடையாது, கிட்டார்தான். டிக் டேல், வென்ச்சர்ஸ், சான்டேஸ் என்று ஆரம்பித்து இப்போது ஈ.சி.ஆர். முழுக்க அதுதான் காதில் ஓடுகிறது.

என் சந்தேகம் இதுதான். போன மாதம் 'ஜெர்ரி கோல் அண்ட் ஹிஸ் ஸ்பேஸ்மென்' என்ற குழுவின் ஆல்பம் ஒன்று கேட்டேன். அப்புறம் 'தி ஸ்க்ராம்ப்ளர்ஸ்' என்று ஒன்று. அதற்கும் பிறகு 'தி அனிமேட்டட் எக்'. மூன்றும் வேறு வேறு குழு என்று போட்டிருக்கிறது. ஆனால் கேட்கக் கேட்க, வாசிப்பது ஒரே ஆள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் கிட்டார் கற்க ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகிறது, அதனால் என் காதை நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. 'டெக்கீலா' வாசித்ததும் இவர்தான் என்று ஒரு இடத்தில் படித்தேன். யார் இந்த ஜெர்ரி கோல்? ஏன் இவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடபழனி_ஆறுகம்பி எழுதியது:

தம்பி, உங்கள் காதை நம்புங்கள். மூன்றிலும் கிட்டார் ஒரே ஆள்தான்.

நான் 1974 முதல் மெல்லிசைக் கச்சேரிகளில் கிட்டார் வாசித்தவன். அப்புறம் பதினெட்டு வருஷம் கோடம்பாக்கத்தில் கால்ஷீட். விரல் மூட்டுகள் இப்போது மடங்குவதில்லை, காது மட்டும் பழையபடி இருக்கிறது. ஜெர்ரி கோலைப் பற்றித் தமிழில் ஒருவர் கேட்டு இப்போதுதான் பார்க்கிறேன். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறந்தது 1939, அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே ஊரில். கடலலைக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்து, 'டெக்கீலா' வெளியிட்ட சாம்ப்ஸ் குழுவில் சேர்ந்தார். பின்னாளில் பெரிய பாடகரான கிளென் கேம்ப்பெல்லும் அந்தக் குழுவில் வாசித்தவர்தான். அப்புறம் கேப்பிட்டல் கம்பெனி அவர் பெயரையே அட்டையில் போட்டு 1963இல் 'அவுட்டர் லிமிட்ஸ்', 1964இல் 'ஹாட் ராட் டான்ஸ் பார்ட்டி', 'சர்ஃப் ஏஜ்' என்று மூன்று ஆல்பம் வெளியிட்டது. அந்த இரண்டு வருஷம்தான் அவர் முகம் அட்டைக்கு முன்னால் வந்த காலம். 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்க டி.வி.யில் வந்து நின்றார்கள், வெறும் கிட்டார் இசைக்கு இருந்த சந்தை அந்த வருஷமே கரைந்துவிட்டது. நேரம் என்பது அவருக்கு அப்படி அமைந்தது.

ஆனால் அவருக்கு வேலை குறையவில்லை, அதைத்தான் கவனிக்க வேண்டும். ஹாலிவுட் ஸ்டூடியோக்களில் நாள் முழுக்க மாறி மாறி வாசித்த ஒரு கூட்டம் இருந்தது. ரெக்கிங் க்ரூ என்று பின்னாளில் பெயர் வந்தது. மூன்று மணி நேரப் பதிவு ஒரு செஷன். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு கூடப் பார்ப்பார்கள். காலையில் கார் விளம்பரம், மத்தியானம் சினிமா, ராத்திரி ஒரு ராக் குழுவின் பாட்டு. நம் ஊரில் ஏழு மணி கால்ஷீட்டுக்கு ஆறரைக்கே வந்து கம்பியைச் சுருதி சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு இந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை.

பர்ட்ஸ் குழுவின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1965 ஜனவரி 20ஆம் தேதி பதிவானது. அமெரிக்கா, இங்கிலாந்து இரண்டிலும் முதலிடத்துக்கு வந்த பாட்டு. அதில் அந்தக் குழுவைச் சேர்ந்த ஒரே ஒருவர்தான் வாத்தியம் வாசித்தார், ரோஜர் மெக்வின், பன்னிரண்டு கம்பி கிட்டார். டிரம்ஸ் ஹால் பிளெய்ன், பேஸ் லாரி நெக்டெல், பியானோ லியோன் ரஸ்ஸல், ரிதம் கிட்டார் நம் ஜெர்ரி கோல். ஹெட்ஃபோன் போட்டு இரண்டு தடவை கேளுங்கள். முதல் தடவை எல்லாரையும் போல அந்தப் பன்னிரண்டு கம்பி மணிச்சத்தத்தைக் கேட்டுவிடுங்கள். இரண்டாம் தடவை அதை விட்டுவிட்டு, அடியில் 'சக்... சக்...' என்று அளந்து வெட்டுகிற கிட்டாரை மட்டும் பிடியுங்கள். பாட்டு தரையில் நிற்பது அதனால்தான். அந்த வெட்டை எடுத்துவிட்டால் மேலே இருக்கும் அலங்காரம் எல்லாம் மிதந்து போய்விடும். பீச் பாய்ஸின் 1966 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்திலும் அவர் கிட்டார் இருக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு. இடது விரல் வேகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது, வேகம் எல்லாருக்கும் வரும். வலது கையைக் கேட்க வேண்டும். கோல் மேல் கம்பிகளில் ஓடும்போதும் உள்ளங்கையின் விளிம்பை பிரிட்ஜ் மேலேயே, அதாவது கிட்டார் உடலில் கம்பிகள் தாங்கி நிற்கும் கட்டை மேலேயே, வைத்திருக்கிறார் என்று என் காதுக்குப் படுகிறது. அதனால் ஒவ்வொரு ஸ்வரமும் தட்டின உடனே மூடுகிறது, 'டக்' என்று. தடித்த கம்பியில் மேலேயிருந்து கீழே சறுக்கி வரும்போது மட்டும் கையை எடுத்துவிடுகிறார், அது 'ட்ர்ர்ர்' என்று நீளமாக இறங்கும். இந்த மூடுவதும் திறப்பதும்தான் அவர் கையெழுத்து.

பிறகு சர்ஃப் கிட்டாருக்கே உரிய அந்த எதிரொலிக்கும், நனைந்த மாதிரியான சத்தம். அது ஸ்பிரிங் ரிவெர்ப். கிட்டார் மின்சாரம் ஒரு சுருளை ஆட்டும், சுருள் நீளமான ஸ்பிரிங்குகளை ஆட்டும், அந்த அதிர்வு முன்னும் பின்னுமாக ஓடி, மறுமுனையில் மறுபடி மின்சாரமாகும். ஃபென்டர் கம்பெனி 1961இல் இதற்கென்று தனிப் பெட்டி போட்டது. டுவெல், மிக்ஸ், டோன் என்று மூன்றே திருகு. டிக் டேலின் முதல் சர்ஃப் ரெக்கார்டு அதே 1961தான், ஆனால் அதில் இந்த நனைவே கிடையாது. பெட்டி பின்னால் வந்து சேர்ந்ததுதான்.

எங்கள் குழுவுக்கு அந்தப் பெட்டி வாங்க வழியில்லை. 1976இல் ரிச்சி தெருவில் ஒரு ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக், பெரிய கைக்காரர், எங்களுக்காக ஒன்று செய்து கொடுத்தார். தேக்குப் பலகைப் பெட்டி, முழ நீளம். ஒரு பக்கம் சின்ன ஸ்பீக்கர், அதன் நடுக் கூம்பில் இரண்டு மெல்லிய ஸ்பிரிங்கை ஒட்டினார். மறுபக்கம் பழைய ரெக்கார்டு பிளேயரின் கிறிஸ்டல் கார்ட்ரிட்ஜ் (அதிர்வை மின்சாரமாக்குகிற பாகம்), ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பிரிங் நுனி. சால்டரிங் ஈயம் ஆறுவதற்குள் கிட்டாரைச் சொருகி ஒரு ஸ்வரம் தட்டினேன். கடை முழுக்கக் கிணற்றுக்குள் கல் போட்ட மாதிரி ஒரு சத்தம். அவரும் நானும் பேசவே இல்லை, திரும்பத் திரும்ப அதே ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டிருந்தோம். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவில் யாரோ ஒரு பையன் ஓடிவந்து அந்தப் பெட்டியில் முட்டினான். ஸ்பிரிங் இரண்டும் ஒன்றோடொன்று மோதி, கொட்டகையில் இடி விழுந்தது. ஜனங்கள் வானத்தைப் பார்த்தார்கள்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் வாத்தியக்காரர்கள் சங்கத்து ஒப்பந்தத் தாள் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு செஷனுக்கும் யார் யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் என்று எழுதி வைப்பார்கள். அட்டையில் பெயர் இல்லாவிட்டாலும் தாளில் இருக்கும். ஐம்பது வருஷம் கழித்து எந்தப் பாட்டில் யார் வாசித்தார்கள் என்று சொல்ல முடிவது பெரும்பாலும் அந்தத் தாள்களால்தான். நமக்கு இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் முன்னின்று சங்கம் அமைத்ததால் கால்ஷீட் முடிந்த கையோடு காசு வந்தது. அந்த மனிதரை நான் தினமும் நினைக்கிறேன். ஆனால் பெயர் வரவில்லை. 1983இல் நான் வாசித்த எட்டு பார் (தாளக் கட்டு) கிட்டாரை ஒரு தியேட்டரில் முதல் தடவை கேட்டபோது பக்கத்தில் இருந்த என் மனைவியின் கையைப் பிடித்தேன். மறுநாள் கேசட் வாங்கி அட்டையைப் பிரித்துப் பார்த்தோம். பாடகர், கவிஞர், இசையமைப்பாளர், கம்பெனி விலாசம், அச்சகத்தின் பெயர் வரை இருந்தது. வாசித்த நாற்பது பேரில் ஒருவர் பெயரும் இல்லை.

பெரம்பூர்_ரெக்கார்டு எழுதியது:

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு என் அலமாரியைக் குடைந்தேன். இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

முதலில் 'டெக்கீலா'. அது சாம்ப்ஸ் குழுவுக்கு 1958இல் ஹிட் ஆன பாட்டு. கோல் சாம்ப்ஸில் சேர்ந்தது அதற்குப் பின். ஆகவே அந்த ரெக்கார்டில் அவர் இல்லை.

இரண்டாவது, 'சர்ஃப் ஏஜ்' ஆல்பத்தோடு கேப்பிட்டல் ஒரு இலவசச் சின்ன ரெக்கார்டு வைத்துக் கொடுத்தது. அது டிக் டேலுடையது. தன் பெயரில் வந்த ஆல்பத்தையே இன்னொருவர் பெயரைக் காட்டி விற்க வேண்டியிருந்தது. எனக்கு இது மனசைப் பிசைகிற விஷயம்.

ஸ்க்ராம்ப்ளர்ஸ் என்று குழுவே கிடையாது. அது க்ரவுன் என்ற மலிவு விலை ரெக்கார்டு கம்பெனி வைத்த பெயர், சூப்பர் மார்க்கெட்டில் சோப்புக்குப் பக்கத்தில் வைத்து விற்கிற ரகம். மோட்டார் சைக்கிள் மோகம் வந்தால் அதற்கு ஒரு குழுப் பெயர், கார் பந்தயம் என்றால் இன்னொரு பெயர். அனிமேட்டட் எக் 1967, ஆல்ஷைர் கம்பெனி. அதே கம்பெனி அந்த டேப்புகளின் மேலேயே வயலின்களை ஏற்றி '101 ஸ்ட்ரிங்ஸ்' என்ற பெயரில் 'ஆஸ்ட்ரோ சவுண்ட்ஸ்' என்று மறுபடியும் விற்றது. அதையும் கேளுங்கள். வயலின் மழைக்கு அடியில் கோல் வாசித்துக்கொண்டே இருப்பார்.

அடையாறு_பாஸ் எழுதியது:

செஷன் கிட்டார் என்றால் டாமி டெடெஸ்கோதானே? மார்க்கெட்ஸ் என்ற பெயரில் வந்த சர்ஃப் ஹிட்டுகளில் வாசித்தவர். எந்த நோட்ஸ் (எழுதிய இசைக்குறிப்பு) வைத்தாலும் பார்த்த உடனே வாசிப்பார் என்பார்கள். கோலை அவருக்குச் சமமாக வைப்பது கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன்.

வடபழனி_ஆறுகம்பி எழுதியது:

டெடெஸ்கோ மேதை, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. நோட்ஸ் வாசிப்பில் கோல் அவர் பக்கத்தில் வர முடியாது. ஆனால் டெடெஸ்கோவின் மகன் அப்பாவையும் கூட்டாளிகளையும் வைத்து 'தி ரெக்கிங் க்ரூ' என்று படமே எடுத்தார். 2008இல் திரையிட்டார்கள். கோல் அதே 2008இல் இறந்துபோனார். நான் ஒப்பிடவில்லை சார். ஒருவருக்குச் சொல்ல ஆள் இருந்தது, ஒருவருக்குக் குறைவு, அவ்வளவுதான்.

நம் ஊரிலும் பாருங்கள். 'இளைய நிலா பொழிகிறதே' கிட்டாரை வாயால் பாடாத தமிழன் உண்டா? வாசித்தவர் ஆர்.சந்திரசேகர் என்று நூற்றில் எத்தனை பேர் சொல்வார்கள்? 1982இலிருந்து நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கோவளம்_அலை எழுதியது:

ஐயா, நேற்று ராத்திரி பட்டினப்பாக்கம் மணலில் உட்கார்ந்து நீங்கள் சொன்னபடி இரண்டு தடவை கேட்டேன். இரண்டாம் தடவை அந்த 'சக்' காதில் விழுந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டேன். இப்போது அது மட்டும்தான் கேட்கிறது, மற்றதெல்லாம் பின்னால் போய்விட்டது. 'ஆஸ்ட்ரோ சவுண்ட்ஸ்' கேட்டேன், வயலினுக்கு அடியில் அந்த மூடித் திறக்கிற கை அப்படியே இருக்கிறது. காலையில் பிரிட்ஜ் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். எனக்கு எல்லாமே மூடிக்கொள்கிறது, திறக்க வரவில்லை.

அந்த தேக்குப் பெட்டி இன்னும் இருக்கிறதா?

வடபழனி_ஆறுகம்பி எழுதியது:

பரணில் இருக்கிறது. ஒரு ஸ்பிரிங் துருப்பிடித்துவிட்டது, கார்ட்ரிட்ஜ் எப்படி என்று தெரியவில்லை. கையைத் தூக்கி வைக்கக் கூடாது தம்பி, மணிக்கட்டைக் கதவு மாதிரி திருப்ப வேண்டும். எழுதினால் புரியாது. அலைக்குப் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை கிட்டாரை எடுத்துக்கொண்டு வாருங்கள், விலாசம் தனியாக அனுப்புகிறேன். வரும்போது ரிச்சி தெருவில் இரண்டு மெல்லிய ஸ்பிரிங் கேட்டுப் பாருங்கள், முழ நீளத்துக்கு. பரண் ஏற எனக்கு முடியாது, அதையும் நீங்கள்தான் இறக்க வேண்டும்.