மறு: எதிராளி நாட்டுச் சில்லுத் தொழிலைக் 'கண்காணிப்பதா', 'நோட்டமிடுவதா'?

வணக்கம். எதிராளி நாட்டின் சில்லுத் (chip) தொழில் எங்கே நிற்கிறது என்று வெளியிலிருந்து பார்த்து அறியும் வேலைக்கு 'நோட்டம்' என்ற சொல்லைச் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> "கண்காணிப்பு" என்று நல்ல சொல் கையில் இருக்கும்போது புதிதாக எதற்கு?

ஐயா, அந்தச் சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதற்குள் ஓர் அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது. காவல் கண்காணிப்பாளர், கண்காணிப்புப் பொறியாளர், தேர்வறைக் கண்காணிப்பாளர் என எல்லாருமே தமக்குக் கட்டுப்பட்டவர்களைப் பார்ப்பவர்கள். சீனாவின் குறைக்கடத்தித் தொழிலை, அதாவது சில்லுத் தொழிலை, அமெரிக்க வணிகத் துறை பார்ப்பது அப்படியா?

1986 அமெரிக்க-ஜப்பான் ஒப்பந்தத்துக்கு வேண்டுமானால் 'கண்காணிப்பு' பொருந்தும். ஜப்பானிய நிறுவனங்கள் செலவுக் கணக்கைக் கொடுத்தன; அதை வைத்து, இன்ன விலைக்குக் கீழே நினைவகச் சில்லை விற்கக் கூடாது என்று வாஷிங்டன் வரையறுத்தது. சொன்னபடி நடக்கவில்லை என்று 1987இல் சுமார் 30 கோடி டாலர் மதிப்புள்ள ஜப்பானியப் பொருள்களுக்கு 100% வரி போட்டார் அப்போதைய அமெரிக்க அதிபர் ரேகன். கணக்குக் கேட்கவும் முடிந்தது, தண்டிக்கவும் முடிந்தது.

சீனா விஷயம் வேறு. 2023 ஆகஸ்டு கடைசியில் சீன நிறுவனமான ஹுவாவேயின் மேட் 60 புரோ போன் திடீரென்று விற்பனைக்கு வந்தது. அமெரிக்க வணிக அமைச்சர் ஜீனா ரைமாண்டோ அப்போது சீனாவில்தான் இருந்தார். உள்ளே என்ன சில்லு என்று ஹுவாவே வாய் திறக்கவில்லை. கனடாவில் ஒட்டாவாவைச் சேர்ந்த சில்லு ஆய்வு நிறுவனமான டெக்இன்சைட்ஸ் அந்தப் போனைப் பிரித்து ஆராய்ந்து சொன்னது: கிரின் 9000எஸ் என்ற சில்லு, சீனாவின் எஸ்எம்ஐசி என்ற சில்லு உற்பத்தி நிறுவனத்தின் ஆலையில் 7 நானோமீட்டர் முறையில் செய்தது. எஸ்எம்ஐசியோ 2020 டிசம்பரிலேயே அமெரிக்கத் தடைப் பட்டியலில் (உரிமம் இல்லாமல் அமெரிக்கத் தொழில்நுட்பத்தை விற்கக் கூடாதவர்கள் பட்டியல்) ஏறிய நிறுவனம். தடை இருந்தும் அவ்வளவு நுண்ணிய சில்லைச் செய்துவிட்டது. இவ்வளவு பெரிய செய்தி ஒரு போனுக்குள் இருந்தது.

> அப்படியானால் 'ஒற்று' போதாதா? வள்ளுவர் ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார்.

ஒற்றன் மறைந்து திரிபவன். இங்கே வேலையில் பெரும்பகுதி பட்டப்பகலில் நடக்கிறது: சீனச் சுங்கத் துறை வெளியிடும் இறக்குமதிக் கணக்கு, காப்புரிமை விண்ணப்பம், நிறுவனங்களின் ஆண்டறிக்கை. இதைப் படிப்பவரை ஒற்றர் என்றால் அவரே சிரிப்பார்.

அதனால்தான் 'நோட்டம்' என்றேன். "திருடன் வீட்டை நோட்டம் விடுகிற மாதிரி இருக்கிறதே" என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், நானும் சிரித்துவிட்டேன். ஆனால் நாணயத்தைச் சோதித்து நல்லதா கள்ளதா என்று சொல்லும் வேலைக்கும் பழைய பெயர் நோட்டம்தான், செய்தவர் நோட்டக்காரர். டெக்இன்சைட்ஸ் செய்தது வேறென்ன? திருட்டு வாடையும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும். 1980களில் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் பொறியாளர்கள், சோவியத்காரர்கள் எப்படியும் பிரித்து நகலெடுப்பார்கள் என்று தெரிந்தே, தங்கள் சிவாக்ஸ் (CVAX) கணினிச் சில்லின் மேல் அரைகுறை ரஷ்ய மொழியில் ஒரு வரி பொறித்து வைத்தார்கள். திருடுவதுதான் திருடுகிறீர்கள், சிறந்ததையே திருடுங்கள் என்கிற பொருளில்!

ஒன்றுக்கு மட்டும் 'நோட்டம்' ஆகாது. அமெரிக்க அதிகாரி நேரில் போய், சீன நிறுவனம் ஒன்று வாங்கிய அமெரிக்கப் பொருள் சொன்ன வேலைக்குத்தான் பயன்படுகிறதா என்று பார்க்கும் ஏற்பாடு. சீன அரசு இசைந்தால்தான் அங்கே நுழைய முடியும். 60 நாளுக்குள் வழி கிடைக்காவிட்டால் அந்த நிறுவனத்தைச் 'சரிபார்க்கப்படாதோர்' (Unverified List) என்ற அமெரிக்கப் பட்டியலில் சேர்க்கும் வேலை தொடங்கும், இன்னும் 60 நாள் போனால் தடைப் பட்டியல் என்று 2022 அக்டோபரில் அறிவித்தார்கள். இதற்குப் 'பயன்பாட்டுச் சரிபார்ப்பு' என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், இந்த வேலைக்குப் பெயராகத் 'தொழில்நோட்டம்' வேண்டாம். எழுதிப் பார்த்தேன், வேகமாகப் படித்தால் கண் அதைத் 'தொழில்நுட்பம்' என்றே எடுத்துக்கொள்கிறது. 'துறைநோட்டம்' என்றால் அந்தக் குழப்பம் இல்லை. வினைக்கு 'நோட்டமிடு'. ஆளுக்குத்தான் சிக்கல்: 'நோட்டர்' என்றால் நோட்டரி என்று நினைப்பார்கள், 'நோட்டாளர்' அரசாணை மாதிரி ஒலிக்கிறது. பழைய 'நோட்டக்காரர்' என்பதையே விட்டுவிடலாமா?