சாட்ஸ்வொர்த் குதிரை லாயம்: படங்கள் இருந்தால் தந்து உதவுங்கள்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகைக்குப் போய்வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எல்லோரும் மாளிகையைத்தான் படம் எடுக்கிறார்கள். எனக்கு வேண்டியது அதன் குதிரை லாயம். 18ஆம் நூற்றாண்டில் மாளிகையின் உரிமையாளரான நான்காம் டெவன்ஷயர் டியூக் என்ற பிரபுவுக்காகக் கட்டடக்கலைஞர் ஜேம்ஸ் பெய்ன் வடிவமைத்தது. 80 குதிரைகளுக்கு இடம், கொல்லர் பட்டறை, மாடியில் தானியக் கிடங்கு, பணியாளர் தங்கும் அறைகள். வாசல் முகப்பில் முழு உருவ மான் சிற்பங்கள் இரண்டு, அவற்றின் தலையில் அசல் கொம்புகள்! குதிரைகளுக்கு இப்படியொரு வாசலா என்று வியந்து தீரவில்லை.

கட்டடக்கலை மாணவர்களுக்காக இதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். மாடித் தானியம் கீழே இறங்கிய வழியும், கழிவுநீர் வடியத் தரையில் விட்ட சரிவும் தெரியும்படியான உட்புறப் படங்கள் தேவை. இப்போது அங்கே உணவகமும் கடைகளும் இருப்பதால், குதிரைகளைத் தனித்தனியே கட்டிவைத்த பழைய தடுப்புகள் எந்தப் பகுதியில் மிஞ்சியிருக்கின்றன என்று சொன்னாலே பேருதவி.