தாடையில் வலிக்கும் பரு, தலையில் ஹெல்மெட், தை மாதம் தம்பி கல்யாணம்

லேப்_லெட்சுமி:

எல்லாருக்கும் வணக்கம். வயது 34. மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், லேப்பில் வேலை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது முகம் கண்ணாடி மாதிரி இருந்தது. இப்போதுதான் பரு. அதுவும் சின்னப் பரு இல்லை. தாடை ஓரத்திலும் முகவாயிலும் தோலுக்கு அடியில் கோலிக்குண்டு போல உருண்டு நிற்கிறது. வாய் கிடையாது, சீழும் தெரியாது, தொட்டால் உயிர் போகிறது. ஒருக்களித்துப் படுத்தால் வலியில் விழிப்பு வந்துவிடும். தீட்டுக்கு முந்திய வாரம் சொல்லவே வேண்டாம்.

“கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்” என்று யாரும் எழுத வேண்டாம். கல்யாணம் ஆகி, பையன் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான்.

ஆலைக்குள் ஹெல்மெட் கட்டாயம். நீராவிச் சூட்டில் தாடைப் பட்டை நனைந்து சொட்டும். வேலை முடிந்ததும் குருணை போட்ட ஃபேஸ்வாஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவுகிறேன், பிறகு எரிகிற டோனர். காலையில் தடியாக ஃபவுண்டேஷன். இல்லாவிட்டால் பசியாறக் கடைக்குப் போனால்கூட “முகத்துக்கு என்ன ஆச்சு?” என்ற கேள்விதான்.

தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். நாத்தனார் முடிச்சு நான்தான் போட வேண்டும். வீடியோக்காரர் கேமராவை என் முகத்துக்குள்ளேயே கொண்டு வந்துவிடுவார் என்று இப்போதே பயம். சித்தி பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ஒரு வெள்ளை கிரீமைக் கொடுத்து, “மூன்று ராத்திரி போடு, பிறகு பார்” என்கிறார். இன்னும் திறக்கவில்லை. போடலாமா? வேறு என்ன செய்யலாம்?

தோட்டத்துப்_பையன்:

அக்கா, வேப்பிலையும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துப் பூசுங்கள். எங்கள் பாட்டிக்குக் கடைசிவரை ஒரு பரு வந்ததில்லை.

கிள்ளான்_கவுண்டர்:

தம்பி, உங்கள் பாட்டிக்குப் பரு வரவில்லை என்றால் வேப்பிலைக்கு அங்கே வேலையே இருந்திருக்காது. தேய்த்துத் தேய்த்துப் புண்ணான தோலில் இதையும் பூசினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

லெட்சுமி, நான் மருத்துவர் இல்லை. கிள்ளானில் ஒரு மருந்தகத்தில் பல வருடமாகக் கவுண்டரில் நிற்பவள். எனக்கும் உங்கள் வயதில் இதே இடத்தில், இதே மாதிரி வந்தது. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

இது அழுக்கால் வருவதில்லை. எண்ணெய்ச் சுரப்பி ஹார்மோன் சொல்வதைக் கேட்டு அதிகமாகச் சுரக்கிறது, துவாரம் அடைகிறது, உள்ளே கிருமி பெருகி ஆழத்தில் வீங்குகிறது. மேலே எவ்வளவு தேய்த்தாலும் அந்த ஆழத்துக்குக் கை எட்டாது. குருணை ஃபேஸ்வாஷையும் டோனரையும் இன்றே ஒதுக்கி வையுங்கள். வாசனை இல்லாத மென்மையான கிளென்சர் ஒன்று, காலையும் மாலையும், விரலால் மட்டும். வேர்த்துக் கொட்டிய நாளில் வேலை முடிந்தவுடன் அந்த மாலைக் கழுவலைச் செய்துவிடுங்கள். அப்புறம் ஜெல் மாதிரியான மாய்ஸ்சரைசர். எண்ணெய் வடியும் முகத்துக்கு எதற்கு மாய்ஸ்சரைசர் என்று கவுண்டரில் எல்லாரும் கேட்பார்கள். பரு மருந்து தோலை உலர்த்தும். இது இல்லாமல் இரண்டாவது வாரமே மருந்தைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

மருந்தில் முதலாவது பென்சாயில் பெராக்சைடு, 2.5 சதவீதம் போதும். 10 சதவீதம் வாங்கினால் சீக்கிரம் போகும் என்று நினைப்பவர்கள் உண்டு. பலன் ஏறக்குறைய ஒன்றுதான், எரிச்சல்தான் கூடும். துணியில் பட்டால் சாயம் போய்விடும், ஆகவே வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது அடாபலீன் 0.1 சதவீதம், இரவில் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும், முதலில் சிலருக்குக் கொஞ்சம் கூடிவிட்டுக் குறையும். ஆனால் கர்ப்பமாக இருந்தாலும், அதற்கு முயற்சி செய்தாலும் அடாபலீன் வேண்டாம். அதை முதலில் சொல்லுங்கள்.

ஹெல்மெட் விஷயம் பெரிது. உரசலும் வேர்வையும் அழுத்தமும் சேர்ந்தாலே அந்தப் பட்டை படும் இடத்தில் பரு வரும். பட்டையைத் தளர்த்திவிடாதீர்கள், தலைதான் முக்கியம். பட்டையைக் கழற்ற முடிந்தால் சோப்புப் போட்டு அலசுங்கள். முகவாய் படும் இடத்தில் சுத்தமான பருத்தித் துணியைச் சுற்றி, ஒவ்வொரு ஷிப்டுக்கும் மாற்றுங்கள். அப்படிச் சுற்றலாமா என்று பாதுகாப்பு அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சித்தி கிரீம்: டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். இங்கே விற்கும் அழகுப் பொருளுக்கு என்.ஓ.டி. என்று தொடங்கி, 9 இலக்கம் வந்து, கே என்று முடியும் எண் இருக்க வேண்டும். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அதைத் தேடிப் பார்க்கலாம். எண் இருப்பதால் மட்டும் நல்ல சரக்கு என்று ஆகாது, இல்லையென்றால் தொடவே வேண்டாம். இந்த மாதிரி கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுயினோன், ஸ்டீராய்டு கலந்திருந்து தடை செய்த செய்தி அடிக்கடி வரும். மூன்று ராத்திரியில் வீக்கமும் சிவப்பும் அடங்கினால் எனக்கு முதலில் ஸ்டீராய்டு மேல்தான் சந்தேகம் வரும். விட்டதும் முன்பைவிட மோசமாகக் கிளம்பும், தோலும் மெலிந்து போகும். சித்தி மனம் நோகாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பூசாதீர்கள்.

லேப்_லெட்சுமி:

ரொம்ப நன்றி அக்கா. டப்பாவில் எண்ணும் இல்லை, செய்த ஊரும் இல்லை. ஓர் ஆர்க்கிட் பூ படம்தான் இருக்கிறது.

அடாபலீன் பற்றி நல்ல வேளை சொன்னீர்கள். கல்யாண வேலை முடிந்ததும் இரண்டாவது பிள்ளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தீட்டு ஒழுங்காக வருவதில்லை, சில சமயம் இரண்டு மாதம் தள்ளிப் போகும். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கிள்ளான்_கவுண்டர்:

உண்டு. தாடைப் பரு, தள்ளிப்போகும் தீட்டு, இரண்டும் சேர்ந்து வந்தால் பிசிஓஎஸ் (ஹார்மோன் மாறுபாட்டால் வரும் சினைப்பைக் கோளாறு) இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பிள்ளைக்கு யோசிக்கும்போது இன்னும் அவசியம். அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள், பதிவுக்கு ஒரு ரிங்கிட்தான். இரத்தப் பரிசோதனையும், தேவையானால் ஸ்கேனும் ஏற்பாடு செய்வார்கள். தோல் நிபுணருக்குக் கடிதமும் அங்கேயே கேட்கலாம். இரண்டு மாதம் தள்ளிப் போகிறது என்பதைச் சொல்லாமல் “பரு” என்று மட்டும் சொன்னால் ஒரு கிரீமோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மருந்தை மாற்றிச் சொல்கிறேன். அடாபலீனுக்குப் பதில் அசெலாயிக் ஆசிட், 15 அல்லது 20 சதவீதம். கர்ப்ப காலத்திலும் மருத்துவர்கள் தருவது அது, பரு விட்டுச் சென்ற கறுப்புத் தழும்பையும் மெல்ல மங்க வைக்கும். முதல் சில வாரம் நமைச்சல் இருக்கும். யாராவது ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைக் கொடுத்தால் வாங்காதீர்கள். வயிற்றுப் பிள்ளைக்குப் பெரிய ஊனம் வரவைக்கும் மருந்து அது. எனக்குக் கடைசியில் அதுதான் கை கொடுத்தது, ஆனால் என் நிலைமை வேறு.

பூச்சரம்_மேக்கப்:

கோலசிலாங்கூரில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறேன். நாத்தனார்களுக்கும்தான், அவர்கள்தான் கடைசி நிமிடத்தில் வந்து உட்காருவார்கள்!

யூடியூபில் பச்சை கரெக்டர் போடுவதைப் பார்த்து நீங்களும் போட்டுவிடாதீர்கள். அது வெளுத்த தோலில் சிவப்பை மறைக்க. நம் நிறத்தில் தெரிவது கறுப்புத் தழும்பு. அதற்கு ஆரஞ்சு அல்லது பீச் நிறக் கரெக்டர், தழும்பின் மேல் மட்டும், சின்னப் பிரஷால் தட்டித் தட்டி. அதன்மேல் உங்கள் நிறத்துக்குச் சரியான கன்சீலர். முகம் முழுக்க ஃபவுண்டேஷன் மெல்லியதாக ஒரு சுற்று போதும். தடியாகப் பூசினால் மதியத்துக்குள் வேர்வையில் வெடித்து, பருவைச் சுற்றி வட்டம் கட்டிக் காட்டிக்கொடுக்கும்.

நிறத்தைத்தான் மறைக்கலாம், மேட்டை மறைக்க முடியாது. மேடு தெரிவது நிழலால். வீடியோக்காரரிடம் விளக்கைப் பக்கவாட்டில் வைக்காமல் முன்னால் வைக்கச் சொல்லுங்கள். தாடையில் மினுமினுப்பு எதுவும் வேண்டாம். கல்யாண வாரத்தில் பெரிய கட்டி ஒன்று கிளம்பினால் கிள்ளி எடுக்கப் பார்க்காதீர்கள். தோல் மருத்துவர் கட்டிக்குள்ளேயே சிறிது ஸ்டீராய்டு ஊசி போடுவார், சில நாளில் அமுங்கும். சித்தியின் டப்பாவில் இருப்பது மாதிரி இல்லை, அளவு தெரிந்து போடுவது. அதற்குமுன் பிள்ளைக்கு முயற்சி செய்வதையும் சொல்லிவிடுங்கள். பருவில் ஒட்டும் ஸ்டிக்கர் இந்த ஆழக் கட்டிக்குப் பிரயோசனமில்லை. சீழ் தெரியும் பருவுக்கு மட்டும்தான் அது.

தினமும் வேலைக்கு ஃபவுண்டேஷனே வேண்டாம். இரும்பு ஆக்சைடு கலந்த, நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30க்கு மேல். தழும்பு மேலும் கறுக்காமல் காக்கும், பாதி மேக்கப் வேலையையும் அதுவே பார்க்கும். ஸ்பாஞ்சை அடிக்கடி சோப்பில் கழுவிக் காய வையுங்கள்.

தோட்டத்துப்_பையன்:

சரி, வேப்பிலையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எனக்கும் ஹெல்மெட் பட்டை இடத்தில் இருக்கிறது, மோட்டார்சைக்கிள் ஹெல்மெட். ஆண்களும் அந்த 2.5 சதவீதம் போடலாமா?

கிள்ளான்_கவுண்டர்:

தாராளமாக. ஹெல்மெட் உள்துணியை முதலில் துவையுங்கள் தம்பி. லெட்சுமி, கிளினிக்குக்குப் போகும் அன்று மேக்கப் போடாதீர்கள், கடைசியாகத் தீட்டு வந்த தேதிகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

லேப்_லெட்சுமி:

வரும் செவ்வாய் எனக்கு ராத்திரி ஷிப்ட். காலையில் வீட்டுக்குப் போகாமல் அப்படியே கிளினிக்குக்குப் போய்விடுகிறேன். தேதியெல்லாம் கைப்பேசியில் இருக்கிறது. சித்தி கேட்டால் கிரீம் தீர்ந்துவிட்டது என்று சொல்லலாமா, இன்னொரு டப்பா வாங்கி வந்துவிடுவாரா?


பூச்சரம்_மேக்கப்:

இரண்டு டப்பா வாங்கி வருவார். தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுங்கள்.