கபுக் கல் சுவரில் உப்புப் பூக்கிறது: மீண்டும் சீமெந்து பூசலாமா?

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசி):
பாட்டனார் கட்டிய வீட்டில் வசிக்கிறோம். சுவர்கள் கபுக் எனப்படும் செம்புரைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. கனம் பதினான்கு அங்குலம். பின்னறைச் சுவரின் அடிப்பகுதி பொரிந்ததால், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு மேசன் பாஸ் ஒருவரைக் கொண்டு நான்கடி உயரத்துக்குப் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துச் சீமெந்து பூசினோம். இப்போது சீமெந்து முடியும் இடத்துக்கு மேலே ஈரக் கறை தெரிகிறது. காலையில் பெருக்கும்போது சுவரடியில் சீனியைப் போன்ற வெள்ளைத் துகள் சேர்ந்திருக்கிறது. நீர் புகாத மருந்து கலந்து ஆறடி வரை பூசிவிட்டால் சரியாகும் என்கிறார்கள். அந்த அறையில்தான் தொய்வு (ஆஸ்துமா) உள்ள அம்மா உறங்குகிறார். என்ன செய்வது?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்):
தயவுசெய்து ஆறடிக்குப் பூச வேண்டாம். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் முன்பு சுண்ணாம்புப் பூச்சின் வழியே காற்றில் கலந்துகொண்டிருந்தது. சீமெந்து அந்த வழியை அடைத்ததால் இன்னும் மேலே ஏறி, பூச்சு முடியும் இடத்தில் வெளிவருகிறது. ஆறடிக்குப் பூசினால் ஏழடியில் வரும். அதோடு, மென்மையான கபுக் கல்லின் மேல் கடினமான சீமெந்து ஒட்டி நிற்காது. நாணயத்தால் தட்டிப் பாருங்கள், வெற்றோசை கேட்கும் இடமெல்லாம் பூச்சு கல்லை விட்டுவிட்டது என்று பொருள்.

முதலில் தண்ணீர் வரும் வழியைத் தேடுங்கள். முற்றத்துக்குக் கொங்கிறீட் இட்டபோது வெளித்தரை வீட்டின் உள்தரையை விட உயர்ந்துவிட்டதா, கூரை நீர்க் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்த பின்னரே சீமெந்தை உளியால் மெதுவாக எடுக்க வேண்டும். கல் இடுக்குகளில் உதிரும் சாந்தை ஓர் அங்குல ஆழம் வரை சுரண்டி, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த சாந்தால் அழுத்தி நிரப்புங்கள். பூச்சும் அதே கலவைதான், ஆனால் ஒரே தடவையில் கனமாகப் பூசாமல் அரை அங்குலத்துக்கு மேற்படாத படைகளாகப் பூசி, ஒவ்வொன்றையும் ஈரச் சாக்கால் சில நாட்கள் மூடிவையுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும், அவசரப்படுத்தினால் பூச்சில் வெடிப்பு விழும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் அணியுங்கள், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பெரும் கேடு.

கபுக் கல்லால் கட்டிச் சுண்ணாம்பு பூசிய வொல்வெண்டால் தேவாலயம் உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. 1757 இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட கட்டடம். இத்தனை காலம் நின்ற சுவர் முறையை நாம் நம்பலாம்.

மறுமொழி 2 (வெள்ளவத்தை இல்லத்தரசி):
எங்கள் வீட்டில் நாங்கள் செய்த தவறைச் சொல்கிறேன். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். அது கரைந்து திரும்பவும் சுவருக்குள் போய், அடுத்த மாதமே வெளியே பூத்தது. உலர்ந்த தூரிகையால் மட்டும் தட்டி, துகளை அள்ளி வெளியே போடுங்கள். மணலையும் கவனியுங்கள்: கடல் மணல் சரியாகக் கழுவப்படாவிட்டால் உப்பை நாமே காசு கொடுத்து வாங்கிப் பூசியவர்களாவோம். பூசி முடித்ததும் பிளாஸ்டிக் வர்ணம் அடிக்காமல் வெள்ளையடித்தால் போதும். தை முதல் பங்குனி வரை மழை குறைவு என்பதால் அப்போது தொடங்குவது நல்லது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது ஈரச் சுவர் உலரும் வழக்கமான கணக்கு, ஆகையால் உங்கள் சுவருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்று கட்டில் தலைமாட்டில் ஓரடி அகலத்துக்குச் சீமெந்தை எடுத்தேன். பெரிய தகடாக அப்படியே கழன்று வந்தது. பின்னாலிருந்த கபுக் கல் விரல் பட்டாலே சேறாக ஒட்டியது. வெளிப்பக்கம் போய்ப் பார்த்தால், கூரை நீர்க் குழாயின் வளைவு உடைந்து, நேராக அதே இடத்தில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நாளை குழாயை மாற்றுகிறோம். அம்மாவின் கட்டிலை முன்னறைக்கு எடுத்துவிட்டோம். சுவரைத் தைமாதம் வரை திறந்தே வைத்திருக்கப் போகிறேன்.